சிறுநீரில் ஒழுகும் புரதமும், பிரஷர் இல்லாதவருக்கு எழுதிய பிரஷர் மாத்திரையும்



போன காலாண்டில் ஒரு குழுவின் கடன் பேரேட்டைத் தணிக்கை செய்துகொண்டிருந்தோம். ஒரே உறுப்பினர் பெயரில் பதினான்கு மாதத்தில் மூன்று உள்கடன். மூன்றுக்கும் ‘கடன் நோக்கம்’ என்ற கட்டத்தில் ‘மருத்துவச் செலவு’ என்று எழுதியிருந்தது. ஊக்குநரிடம் விசாரித்தோம். “அக்காவுக்குக் கிட்னி போயிடுச்சுங்க. வாரத்துல மூணு நாள் டவுனுக்கு டயாலிசிஸ் போறாங்க. டயாலிசிஸ் காப்பீட்டுல ஆயிடுது. பஸ் காசு, கூடப் போற மகளோட கூலி நஷ்டம், இதுக்குத்தான் கடன்” என்றார்.

அந்த அக்கா வீட்டுக்குப் போனோம். மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்த பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டில் ‘ஆல்புமின் ++’ என்று இருந்தது. அதைப் பார்த்து மருத்துவர் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். அக்கா மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார்.

ஏன் என்று கேட்டோம். “எனக்குப் பிரஷரே இல்லையேம்மா. கடையில இது பிரஷர் மாத்திரைன்னு சொன்னாங்க. மாத்தி எழுதிட்டாங்கன்னு நெனச்சு விட்டுட்டேன்” என்றார்.

இதில் எங்கள் பங்கும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அந்தச் சமயத்தில் அவர் குழுக் கூட்டத்தில், “சிறுநீர்ல புரதம் போகுதாம்” என்று சொன்னபோது எங்களில் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். “போகுதுன்னா சேர்த்துச் சாப்பிடுங்க. தினம் ரெண்டு முட்டை, சுண்டல், முடிஞ்சா புரோட்டீன் பவுடர்” என்று புத்தி சொன்னதும் நாங்கள்தான். நல்லது என்று நினைத்துத்தான் சொன்னோம். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அதனால்தான் இந்த மாதப் பாடம் இது.

நாம் ஏற்கெனவே செய்துகொண்ட சோதனைதான்

நம்மில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்துகொண்டவர்களே. மாசமாக இருக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்து வரச் சொல்வார்களே, அதில் பார்ப்பது சர்க்கரையும் ஆல்புமினும்தான். இப்போது கலர் மாறும் ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் நர்சம்மா சோதனைக் குழாயில் சிறுநீரை ஊற்றி விளக்கில் சூடு காட்டுவார். ஆல்புமின் இருந்தால் மேல்பாகம் வெள்ளையாகக் கலங்கும். முட்டையின் வெள்ளைக்கரு சூடு பட்டால் வெளுத்துக் கட்டிப்படுகிறதே, அதே மாதிரி. இரண்டும் புரதம்தான்.

கர்ப்ப காலத்தில் இதைப் பார்ப்பது பிரஷர் ஏறி வலிப்பு வரும் ஆபத்தை முன்கூட்டிக் கண்டுபிடிக்க. பிள்ளை பிறந்ததும் இந்தச் சோதனையை நாம் மறந்துவிடுகிறோம். ஆனால் கர்ப்பத்தில் பிரஷரும் ஆல்புமினும் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் பிரஷர் நோயும் சிறுநீரக நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ‘பிரசவத்தோட சரியாப் போச்சு’ என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது.

சல்லடை ஏன் ஒழுகுகிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி திரும்ப ரத்தத்துக்கே போய்விடும். கடைசியில் ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியே வருகிறது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் உருவில் பெரியது. நல்ல சல்லடையில் அது தங்கிவிடும். சல்லடை கெட்டால் ஒழுகும்.

சல்லடை கெடுவதற்கு முக்கியமான காரணங்கள் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும். வடிகட்டியே வீங்கும் நோய்களும் உண்டு, அவை சின்ன வயதுக்காரர்களுக்கும் வரும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒழுகுவது வெறும் அடையாளம் மட்டும் இல்லை. ஒழுகிய புரதம் உள்ளே இருக்கும் நுண்குழாய்களைப் புண்ணாக்கி, நாளடைவில் தழும்பு விழ வைக்கிறது. தழும்பு விழுந்த இடம் திரும்ப வேலை செய்யாது. ஆகவே ஒழுக்கைக் குறைப்பதே ஒரு வைத்தியம்.

வலி இருக்குமா? இருக்காது. அதுதான் இந்த நோயின் கள்ளத்தனம். சிறுநீரில் கலையாமல் நிற்கும் நுரை, காலையில் எழுந்ததும் கண்ணைச் சுற்றி வீக்கம், சாயங்காலம் கணுக்காலில் அமுக்கினால் குழி விழுவது, இவையெல்லாம் புரதம் நிறையப் போன பிறகுதான் தெரியும். வேகமாகப் போனாலும் நுரை வரும் என்பதால் நுரையைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். ஆனால் நுரை இல்லை என்பதால் நிம்மதியாகவும் இருந்துவிட வேண்டாம்.

பிரஷர் இல்லாதவருக்கு ஏன் அந்த மாத்திரை?

நம் ஊர் மோட்டார் குழாயை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. வெளியே போகும் குழாயைக் காலால் மிதித்தால் என்ன ஆகும்? நடுவில் அழுத்தம் ஏறும், இருக்கிற ஓட்டையில் எல்லாம் தண்ணீர் பீய்ச்சும். நம் சிறுநீரக வடிகட்டிக்கும் உள்ளே வரும் ரத்தக்குழாய் ஒன்று, வெளியே போகும் ரத்தக்குழாய் ஒன்று. உடம்பில் ஊறும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் வெளியே போகும் குழாயைத்தான் அதிகமாக நெரிக்கிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷர் சரியாக இருந்தாலும், வடிகட்டிக்குள்ளே அழுத்தம் அதிகமாக இருக்கலாம்.

எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘பிரில்’ என முடியும் மாத்திரைகளும், லோசார்டன், டெல்மிசார்டன் என்று ‘சார்டன்’ என முடியும் மாத்திரைகளும் அந்த மிதித்த காலை எடுத்துவிடுகின்றன. உள் அழுத்தம் இறங்கும், ஒழுகும் புரதம் குறையும். 1993-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சிறு வயதிலேயே வரும் வகைச் சர்க்கரை நோயால் கிட்னி கெட்டவர்களுக்குக் கேப்டோப்ரில் கொடுத்துப் பார்த்தார்கள். பிரஷர் குறைந்ததால் மட்டும் கிடைக்கிற பலனைவிடக் கூடுதலாகக் கிட்னி காக்கப்பட்டது தெரியவந்தது. 2001-ல் லோசார்டன் ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயிலும் இதே பலன் கிடைப்பதைக் காட்டியது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அது பிரஷர் மாத்திரையும்தான். மருத்துவரும் மாற்றி எழுதவில்லை. இதை அக்காவுக்கு உட்கார்ந்து விளக்கத்தான் ஒருவரும் இல்லாமல் போனார்கள்.

இந்த மாத்திரைகளில் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவையும் உண்டு. கர்ப்பமாக இருப்பவர்கள் இவற்றைச் சாப்பிடவே கூடாது, வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல். பிள்ளைக்கு ஆசைப்படுபவர்கள் முன்னாலேயே மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாற வேண்டும். மாத்திரை தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ரத்தத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். எவ்வளவு ஏறினால் சரி என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நாமே பார்த்துப் பயந்து நிறுத்தக் கூடாது. ‘பிரில்’ வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். வந்தால் சொல்லுங்கள், ‘சார்டன்’ வகைக்கு மாற்றித் தருவார்கள். வாந்தி, பேதி வந்து உடம்பில் நீர் வற்றிப்போனால் அன்றைக்கே மருத்துவமனையில் கேளுங்கள். சில நாளைக்கு மட்டும் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

ரத்தக்குழாய்க்குள் ஒரு வாயு

இந்த விஷயத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாம் பார்த்திருப்போம். அதே இனத்தைச் சேர்ந்தது நைட்ரோகிளிசரின். வெடிமருந்தும் அதுதான், நெஞ்சுவலி மருந்தும் அதுதான்! 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கிய ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு இதைத்தான் மருத்துவர்கள் எழுதினார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று நூறு வருடமாக யாருக்கும் விளங்கவில்லை.

1977-ல் அமெரிக்காவில் ஃபெரித் முராத் என்பவர், இந்த மருந்துகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வெளிவருகிறது, அதுதான் குழாயைத் தளர்த்துகிறது என்று கண்டார். பிறகு ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ இருவரும் நம் ரத்தக்குழாயின் உள்தோலே அந்த வாயுவை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெடிமருந்தில் சம்பாதித்த நோபலின் காசு, அதே வெடிமருந்தின் ரகசியத்தைக் கண்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. (பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பு வாயு வேறு, இது வேறு.)

சிறுநீரகத்துக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். கிட்னி கெட்டவர்களுக்கு இந்த வாயு குறைந்துபோகிறது. கிட்னி வெளியே தள்ள வேண்டிய ஒரு கழிவு ரத்தத்தில் தேங்கி, வாயு உண்டாவதையே தடுக்கிறது என்று 1992-ல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். வாயு குறைந்தால் குழாய்கள் இறுகும், உள்தோல் கெடும், சல்லடை இன்னும் ஒழுகும். அப்படியானால் நைட்ரிக் ஆக்சைடு தரும் மருந்தைக் கொடுத்தால் புரதம் ஒழுகுவது நிற்குமா? நல்ல கேள்விதான், ஆராய்ச்சியாளர்களும் இதையே கேட்டார்கள். ஆனால் நெஞ்சுவலி மாத்திரை பிரஷரைத் திடீரென்று இறக்கும், தலைவலி வரும், இடைவெளி விடாமல் சாப்பிட்டால் உடம்புக்குப் பழகி வேலை செய்யாமலும் போகும். அதனால் அது சிறுநீரில் புரதம் போவதற்கான மருந்தாக வரவில்லை. இப்போது அந்த வாயுவை விட்டுவிட்டு, வாயு தட்டும் கதவையே உள்ளிருந்து திறக்கிற மாதிரியான மருந்துகளைச் சோதிக்கிறார்கள். அவென்சிகுவாட் என்ற மருந்தின் இரண்டாம் கட்டச் சோதனை முடிவு 2024-ல் வந்தது. சிறுநீரில் ஆல்புமின் குறைந்திருந்தது. ஆல்புமின் குறைந்ததால் கிட்னியும் நீண்ட காலம் காக்கப்படுமா என்பதை அடுத்த பெரிய சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘நைட்ரிக் ஆக்சைடு பெருக்கும்’ என்று சொல்லி அர்ஜினைன் பொடி விற்கிறார்கள். பீட்ரூட் ஜூஸ் குடித்தால் கிட்னி சரியாகும் என்று செல்போனில் செய்தி வருகிறது. பீட்ரூட்டில் இருந்து உடம்பு அந்த வாயுவைச் செய்துகொள்வது உண்மைதான். ஆனால் பீட்ரூட்டில் பொட்டாசியமும் அதிகம். கிட்னி வெகுவாகக் கெட்டவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நிற்கலாம். அக்கம்பக்கத்தில் யாரோ குடித்தார்கள் என்று நீங்கள் குடிக்காதீர்கள். இன்னொரு விஷயம், ‘பிரில்’ மாத்திரைகள் இந்த வாயு உடம்பில் ஊறுவதையும் கொஞ்சம் கூட்டுகின்றன. ஆக, வாயுவுக்காக வேறு எதையும் தேட வேண்டியதில்லை. அக்கா நிறுத்திய அந்தச் சின்ன மாத்திரையே அதையும் செய்துகொண்டிருந்தது.

2020-ல் இன்னொரு நல்ல செய்தி வந்தது. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை 21 நாடுகளில் 4,304 கிட்னி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கிட்னி கெடுவது நன்றாகக் குறைந்தது. இந்தியாவும் அதில் இருந்தது. அதே வருடம் இங்கே அதன் காப்புரிமை முடிந்ததால் பல கம்பெனிகள் செய்யத் தொடங்கி விலை வெகுவாக இறங்கியது. இதைச் சாப்பிடும் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு, வெள்ளைப்படுதல் வரலாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள், சரிசெய்ய மருந்து இருக்கிறது. இந்த மாத்திரையும் எல்லோருக்கும் ஏற்றது இல்லை, மருத்துவர் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

சாப்பாட்டில் நாங்கள் செய்த தப்பு

ஒழுகும் பானையில் இன்னும் தண்ணீர் ஊற்றினால் ஒழுக்குதான் அதிகமாகும். புரதத்தை அதிகமாகத் தின்றால் வடிகட்டிக்குள் அழுத்தம் கூடும். கிட்னி நோய் வந்து இன்னும் டயாலிசிஸ் வரை போகாத பெரியவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 40 கிராம் என்று கணக்கு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. சோறு, பருப்பு, மோர் என்று நாம் சாதாரணமாகச் சாப்பிடுவதிலேயே கணிசமாக வந்துவிடும். புரோட்டீன் பவுடர் வேண்டவே வேண்டாம். அதற்காகப் பருப்பையே ஒதுக்கிக் கஞ்சியோடு நிற்பதும் தப்பு, சதை கரைந்து உடம்பு ஓய்ந்துவிடும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு மாறும். அப்போது புரதம் கூடுதலாகத் தேவை. அந்த அக்கா இப்போது முட்டை சாப்பிட வேண்டிய நிலையில் இருக்கிறார். அன்றைக்குத்தான் சாப்பிட்டிருக்கக் கூடாது.

உப்பு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள். குழம்பில் போடுவது மட்டும் கணக்கு இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம் எல்லாம் சேர்ந்துதான். உப்பு அதிகமானால் ‘பிரில்’, ‘சார்டன்’ மாத்திரையின் வேலையும் குறைந்துபோகும்.

உடம்பு வலி மாத்திரை

நாற்று நட்டு, களை பறித்து வரும் நமக்கு இடுப்பு வலி இல்லாத நாள் ஏது? கடையில் போய் ‘ஒரு செட்டு கொடுங்க’ என்று வாங்கி விழுங்குகிறோம். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை இருக்கும். இவை வடிகட்டிக்கு உள்ளே வரும் குழாயைச் சுருக்கிவிடும். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் இன்னும் மோசம். சிறுநீரில் புரதம் போகிறவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. வலிக்குப் பாரசிட்டமால் பரவாயில்லை, அதுவும் அளவோடு. நாட்டு மருந்திலும் கவனம் வேண்டும். ஆடுதின்னாப்பாளை இனச் செடிகளில் கிட்னியைக் கெடுக்கும் அமிலம் இருக்கிறது. மூலிகைதானே என்று குடிக்கக் கூடாது.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் அதிகமான விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளியானது. நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்குச் சிறுநீரக நோய் இருந்தது, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர் போன்ற தெரிந்த காரணம் எதுவும் இல்லை. இந்த வகை நோயில் புரதம் அதிகம் ஒழுகாமலேயே கிட்னி சுருங்கக்கூடும். ஆகவே சிறுநீர்ச் சோதனை மட்டும் போதாது, ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும்.

என்ன கேட்டு வாங்குவது?

2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நம் குழுப் பெண்கள் பலர் தன்னார்வலராகச் சேர்ந்து வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் பார்த்தார்கள். 2023-ல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் திட்டமும் வந்தது. ஆகவே பக்கத்து சுகாதார நிலையத்தில் தைரியமாகப் போய், “எனக்கு ஆல்புமினும் கிரியேட்டினினும் பார்க்கணும்” என்று கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், குடும்பத்தில் கிட்னி நோய் உள்ளவர்கள், கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர்கள் வருடம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது. மாதவிலக்கு நாளில் வேண்டாம். காய்ச்சல், நீர்க்கடுப்பு இருக்கும்போதும் வேண்டாம், இல்லாத புரதம் இருப்பதாகக் காட்டும். ஒரு தடவை ‘+’ வந்தாலே நோய் என்று முடிவு கட்டக் கூடாது. மறுபடி பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால்தான் நாள்பட்ட நோய் என்பார்கள். பட்டைச் சோதனையில் சந்தேகம் வந்தால் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் என்ற சோதனைக்கு எழுதுவார்கள். அதில் 30-க்குக் கீழே இருந்தால் பயமில்லை, 300-ஐத் தாண்டினால் ஒழுக்கு அதிகம். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த தடவை கூடியதா குறைந்ததா என்று சொல்வது அந்தச் சீட்டுத்தான்.

அக்காவுடன் டயாலிசிசுக்குப் போகும் மகளுக்கு 27 வயது. இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் வந்து, நாள் நெருங்கும் முன்பே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்தச் சோதனையும் செய்துகொள்ளவில்லை. “அம்மாவைக் கூட்டிட்டுப் போகவே நேரம் சரியா இருக்கு, எனக்கு என்ன” என்றார். போன வாரம் நாங்கள் கூடப் போய்ச் சோதனைக்குக் கொடுத்தோம். கிரியேட்டினின் சரியாக இருக்கிறது. ஆல்புமின் ஒரு ‘+’. மூன்று மாதத்துக்குள் மறுபடி வரச் சொல்லித் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதியைக் குழுவின் தீர்மான நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறோம். அன்றைக்கு அம்மாவின் டயாலிசிஸ் நாளாக இருந்தால், அம்மாவுடன் போவது குழுத் தலைவியின் பொறுப்பு.